அடைத்து வைத்த வெப்பம்

வெஸ்டர்லுண்ட், யூட்லாண்ட்
27 நவம்பர் 1973

அன்புள்ள விபெக்கா அக்கா,

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே. தபாலை அப்பாதான் எடுக்கிறார். கோபன்ஹேகன் முத்திரையைப் பார்த்ததும் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுகிறார். உன் போன மாதக் கடிதம் முட்டை ஓட்டுக்கும் காப்பித் தூளுக்கும் நடுவில் கிடந்தது. ஒரு மூலையை மட்டும்தான் என்னால் படிக்க முடிந்தது. அதில் ‘மழை’ என்று இருந்தது.

எங்கள் பள்ளி நூலகத்தின் பெயருக்கு எழுது. லின்ட் டீச்சரிடம் பேசிவிட்டேன். பெரிய நிலப்பட நூலில் கிரீன்லாந்துப் பக்கத்தில் வைத்துவிடுவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லையாம்.

எண்ணெயை மிச்சம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, போன ஞாயிறுதான் அதில் முதல். பெரிய சாலையில் எல்லோரும் நடுவில் நடந்தோம். லவ்ரிட்ஸ் மாமா தன் பண்ணைக் குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார். பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது அது வெளியே கனைத்துக்கொண்டே இருந்தது. அம்மா கைக்குட்டைக்குள் சிரித்தாள்.

வகுப்பில் டாம் சார் ஒரு போட்டி வைத்திருக்கிறார். நம் நாட்டில் எரியும் எண்ணெயெல்லாம் வெளியிலிருந்து வருகிறது, இப்போது அது வருவதில்லை, ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெப்பக் காவலர் வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக்கு நான்தான். மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னல் ஓரம், கதவு ஓரம் என்று மெல்ல நகர்த்த வேண்டும். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே காற்று நுழைகிறது. அந்த இடத்தை அடைக்க வேண்டும். அடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் சுவரில் ஒரு நட்சத்திரம். நம் வீட்டில் சுடர் சாயாத இடமே இல்லை, அக்கா. நான் முதலில் வருவேன் என்று தோன்றுகிறது.

கட்டுரையும் எழுத வேண்டும்: ‘நம் வீடுகள் எப்படிச் சூடாகின்றன?’ அப்பாவிடம் கேட்டேன். நீ போன பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என்னை நிலவறைக்கு அழைத்துப்போய் பாய்லரைத் தட்டிக் காட்டினார். கீழே எண்ணெய் எரிகிறது. தண்ணீர் சூடாகி லேசாகி, தடித்த குழாய் வழியே தானாகவே மேலே ஏறுகிறது. ரேடியேட்டர்களில் சூட்டை விட்டுவிட்டு ஆறி, கனத்து, மறுபடி பாய்லருக்கு இறங்கி வருகிறது. பரணில் ஒரு திறந்த தொட்டி இருக்கிறது. சூடாகி அதிகமாகும் தண்ணீர் அதில் போய் நிற்கும். பம்ப் கிடையாது. பால்பண்ணை மேலாளரின் புது வீட்டில் மெல்லிய குழாயும் பம்ப்பும் இருக்கின்றன, ஆனால் மின்சாரம் போனால் அவர்கள் விறைத்துப்போவார்கள், நாம் மாட்டோம் என்றார். பள்ளியில் காற்றையே சூடாக்கி ஊதுகிறார்கள். லவ்ரிட்ஸ் மாமாவிடம் இருப்பது ஒற்றை இரும்பு அடுப்பு. அவர் மற்ற அறைகளைப் பனிக்காலம் முழுவதும் பூட்டிவிடுகிறார்.

“தண்ணிக்கு வழி மறக்காதுடி. சூடானா மேல போகும், ஆறினா வீட்டுக்குத் திரும்பி வந்துடும். மனுஷங்க மாதிரி இல்ல” என்றார் அப்பா.

அதைச் சொன்னபோது அவர் உன் நாற்காலியைப் பார்த்தார். அது இன்னும் பாய்லருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே மேசையில் நாங்கள் மூன்று பேர் உட்காருகிறோம். நாலாவது பக்கத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை.

உங்கள் வீடு எப்படிச் சூடாகிறது? கட்டுரைக்கு வேண்டும். கட்டுரைக்கு மட்டும் அல்ல.

உன்
மெரெட்டே

*

கோபன்ஹேகன்
2 டிசம்பர்

என் படிப்பாளித் தங்கைக்கு,

கிரீன்லாந்துக்குள் ஒளிந்து வரும் கடிதம் இது. பத்திரமாகப் பிரி.

எங்கள் வீட்டில் எதுவும் எரிவதில்லை. எழுதிக்கொள். மின் நிலையத்தில் மின்சாரம் செய்த பிறகு சூடு மிச்சமாகிறது. அதைத் தண்ணீரில் ஏற்றித் தெருவுக்கு அடியில் அனுப்புகிறார்கள். ஒரு குழாயில் சூடாக வருகிறது, இன்னொரு குழாயில் ஆறிப்போய்த் திரும்புகிறது. பனி விழுந்தால் தெருவில் அந்தக் குழாய் போகும் கோடு மட்டும் உருகிக் கறுப்பாகத் தெரியும். ஊர்ப் பூனைகளெல்லாம் அதன்மேல்தான் நடக்கின்றன. நம் பூனை மிஸ்ஸை இங்கே கொண்டுவந்தால் தெருவை விட்டு வரவே மாட்டாள்.

நாங்கள் ஏழு பேர், ஒரே சமையலறை. பாத்திரம் யார் கழுவுவது என்று வாரம் ஒரு கூட்டம். அப்பா இதை ‘தொழுவம்’ என்று சொன்னாராமே, அத்தை எழுதியிருந்தாள். தொழுவத்தில் இவ்வளவு சண்டை நடக்காது என்று அவரிடம் சொல். வேண்டாம், எதுவும் சொல்லாதே.

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாய். போன வசந்தத்தில், அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் நீ சின்னவர்கள் மேசையில் இருந்தாய், முழுவதும் பார்த்திருக்க மாட்டாய். பால்பண்ணை மேலாளரின் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை, கோபன்ஹேகன் போகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்பா எழுந்து வந்து, “கொஞ்சம் எந்திரி” என்றார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கிப் போனார். அத்தனை விருந்தாளிகள் நடுவில் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த ரயிலில் வருவேன். கூப்பிடாவிட்டால் இல்லை. பிடிவாதத்தில் நானும் அவர் பெண்தான்.

அம்மாவின் கை வலி எப்படி இருக்கிறது?

விபெக்கா

*

வெஸ்டர்லுண்ட்
13 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

உருகிய கோட்டில் நடக்கும் பூனைகளைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். டாம் சார் ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதினார்.

இங்கே ஒரு மாற்றம். எண்ணெய் வண்டி வந்தது, ஆனால் பாதித் தொட்டி கூட நிரப்பவில்லை. இனி எப்போது வரும் என்று ஓட்டுநருக்கே தெரியாதாம். அப்பா அன்று முழுவதும் நிலவறையிலேயே இருந்தார். மறுநாள் பாய்லர் கதவில் மாட்டியிருந்த எண்ணெய் பர்னரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, பழைய இரும்புக் கதவை மாட்டினார். இந்தப் பாய்லர் கரிக்குத்தான் செய்தது, எண்ணெய் பிறகு வந்த வேலை என்றார். இப்போது கல்கரியும் பழுப்பு நிலக்கரிக் கட்டிகளும் எரிக்கிறோம். இரவில் கரி மெல்லக் கனன்றால் போதும் என்று காற்றுக் கதவை ஏறக்குறைய மூடிவிடுகிறார். அவர் சின்ன வயதில் எல்லார் வீட்டிலும் அப்படித்தானாம். குழாய்கள் அதே குழாய்கள், தண்ணீர் அதே தண்ணீர். கீழே எரிவதுதான் மாறியிருக்கிறது.

கரி குறையாமல் இருக்கக் கிடைத்ததையெல்லாம் உடைத்துப் போடுகிறார். முயல் கூண்டு போய்விட்டது. நிலவறை அலமாரி போய்விட்டது. உன் நாற்காலியின் முறை எப்போது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று கீழே போனபோது அவர் அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கரிக்கட்டிகளை அடுக்குவது போல் குனிந்துகொண்டார். அடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

என் வேலையும் நன்றாக நடக்கிறது. ஜன்னல் இடுக்கெல்லாம் கம்பளி நாடா ஒட்டிவிட்டேன். சாவித் துவாரங்களில் பஞ்சு. கடைசியில் நிலவறைச் சுவரில், தரைக்குச் சற்று மேலே, கம்பி போட்ட ஒரு சதுர ஓட்டை இருக்கிறதே, அதன் அருகே மெழுகுவத்தியைக் கொண்டுபோனால் சுடர் அணைந்தே போகிறது. அவ்வளவு காற்று. அது உருளைக்கிழங்கு அழுகாமல் இருக்க வைத்த ஓட்டை. இந்த வருடம் நம் கிழங்கு முழுவதும் லவ்ரிட்ஸ் மாமாவின் கொட்டகையில் இருப்பதால் அது நமக்குத் தேவையே இல்லை. வெளிப்பக்கம் போய்க் கோணியில் வைக்கோலைத் திணித்து, இறுக்கமாகச் செருகி, மேலே பனியை வாரி மூடினேன். உள்ளிருந்து பார்த்தால் கம்பிக்குப் பின்னால் வழக்கமான இருட்டுதான். அப்பாவுக்குக் கூடத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சொல்லி ஆச்சரியப்படுத்தப் போகிறேன்.

அதற்கு மட்டும் டாம் சார் இரண்டு நட்சத்திரம் கொடுத்தார்.

அம்மாவுக்குக் கை வலி பரவாயில்லை, தலைவலிதான். காலையில் எழுந்ததும் இருக்கிறது, கடைக்குப் போய் வந்தால் குறைகிறது. “வீட்டு வேலைதான் எனக்கு ஒத்துக்கல போல” என்று சிரிக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டாயா?

மெரெட்டே

*

கோபன்ஹேகன்
17 டிசம்பர்

செல்லமே,

அவசரமாக எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது. பொட்டலத்தில் உனக்குப் புத்தகம், அம்மாவுக்குக் கையுறை. கையுறையை நீ வாங்கியதாகச் சொல்லிவிடு.

வர மாட்டேன். நீ கேட்டதால்தான் இரண்டு வரி எழுதுகிறேன். எனக்கு வர ஆசை இல்லை என்று நினைக்காதே. உட்கார இடம் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவது? எங்களோடு இருக்கும் உல்லா ஸ்வீடனில் தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்திருக்கிறாள். புது வருடம் கழிந்துதான் திரும்புவோம்.

அம்மாவின் தலைவலியைப் பற்றி உல்லாவிடம் சொன்னேன், அவள் மருத்துவம் படிக்கிறாள். “டிசம்பர்ல அத்தனை பிஸ்கட் சுடுற எல்லா அம்மாவுக்கும் தலை வலிக்கும்” என்றாள். ஆனாலும் டாக்டரிடம் காட்டச் சொல்.

முயல் கூண்டு போனதற்கு வருத்தம். அதில் நான் ஒரு தடவை ஒளிந்திருந்தேன். அப்பாதான் கண்டுபிடித்தார்.

விபெக்கா

*

வெஸ்டர்லுண்ட்
29 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

பொட்டலம் விடுமுறைக்கு முந்தைய நாள் கிடைத்தது. ஆனால் இனி பள்ளிக்கு எழுதாதே. எண்ணெய் மிச்சம் பிடிக்க விடுமுறையை ஜனவரி பாதிவரை நீட்டிவிட்டார்கள். கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. கிரீன்லாந்தும் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. இந்தக் கடிதத்தை லவ்ரிட்ஸ் மாமா தபாலில் போடுவார்.

கிறிஸ்துமஸ் இரவு மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடினோம். மூன்று பேர்தான் என்பதால் என் கை இழுபட்டு வலித்தது. பாதிப் பாட்டில் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் தானாக மடங்கிவிட்டதாம். சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். பிறகு அவளால் எழ முடியவில்லை. சோற்றுப் பாயசத்தில் ஒளித்து வைக்கும் பரிசுப் பாதாம் பருப்பு எனக்குத்தான் கிடைத்தது, ஆனால் வாந்தி எடுத்துவிட்டேன்.

எல்லோருக்கும் ஃப்ளூ. டாக்டர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். விசித்திரமான ஃப்ளூ இது. நான் லவ்ரிட்ஸ் மாமாவின் கொட்டகைக்குக் கிழங்கு எடுக்கப் போனால் பாதி வழியிலேயே தலை தெளிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் மறுபடி நெற்றியில் யாரோ பட்டையைக் கட்டி இறுக்குவது போல் இருக்கிறது. குளிரில் அலைவதால்தான் என்று அப்பா என்னை வெளியே விடுவதில்லை. அவருக்கும் உடம்பு சரியில்லை, ஆனால் ஒத்துக்கொள்வதில்லை. கன்னங்கள் மட்டும் நன்றாகச் சிவந்து ஆரோக்கியமாகத் தெரிகிறார். கீழேயே அதிக நேரம் இருக்கிறார்.

மிஸ் செத்துப்போய்விட்டாள். நிலவறைப் படியில், கடைசிப் படியில், பாய்லரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து மேலே பால் கிண்ணத்தை வைத்துவிட்டு மாலைவரை காத்திருந்தேன். “கெழட்டுப் பூனை, சூட்டுல சுகமாப் போயிருக்கு” என்றார் அப்பா. அவளுக்கு ஐந்து வயதுதான்.

அவள் இல்லாததால் சமையலறைக் கதவில் பூனைக்காக வெட்டிய சின்ன வழியும் இனி தேவையில்லை. நேற்று அதையும் பலகை வைத்து அடைத்துவிட்டேன். அதுதான் கடைசி. சாயங்காலம் மெழுகுவத்தியை ஏற்றி வீடு முழுவதும் சுற்றி வந்தேன். எந்த இடத்திலும் சுடர் சாயவில்லை, அக்கா. நேராக நிற்கிறது. ஜன்னல்களின் உட்புறம் முழுக்கத் தண்ணீர் வழிகிறது, வெளியே எதுவும் தெரியவில்லை.

பள்ளி திறக்கும்போது பரிசு எனக்குத்தான்.

மெரெட்டே

*

வெஸ்டர்லுண்ட்
5 ஜனவரி 1974, சனி

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். வரிகள் ஏறி இறங்குகின்றன.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். “ஹலோ” என்று மட்டும் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு வைத்துவிட்டார். யார் என்று அம்மா படுக்கையிலிருந்து கேட்டாள். “யாரும் இல்ல” என்றார். மறுபடி அடித்தது. ரிசீவரை எடுத்து மேசைமேல் கிடத்திவிட்டார். அது அங்கே கிடந்து கொஞ்ச நேரம் பூச்சி மாதிரி சத்தம் போட்டது.

அது நீதானா?

அப்பா அதன் பிறகு கீழே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன். “நீங்க சாப்பிடுங்க” என்று கீழிருந்தே சொன்னார். அம்மா சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. என்ன சமைத்தேன் என்று நினைவில்லை.

நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். மறந்துவிட்டது. மெழுகுவத்தியைப் பற்றி ஏதோ.

இப்போது குளிரே இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு கால்கூடக் குளிரவில்லை. நாளை எழுந்ததும் இதை லவ்ரிட்ஸ் மாமாவிடம் கொடுப்பேன்

*

ரயிலை ஏற்றிச் செல்லும் படகில், பெரிய நீரிணை
6 ஜனவரி, ஞாயிறு காலை

மெரெட்டே,

இதைத் தபாலில் போடப் போவதில்லை, கையில் கொண்டுவருகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று மாலைதான் ஸ்வீடனிலிருந்து திரும்பினோம். உன் கடிதம் கதவடியில் கிடந்தது. சமையலறையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன், மரத்தைச் சுற்றிய கதைக்குச் சிரித்தார்கள். மிஸ்ஸிடம் வந்தபோது உல்லா சிரிப்பதை நிறுத்தினாள். “மறுபடி படி” என்றாள். படித்தேன். உன் பழைய கடிதங்களையும் எடுத்து வரச் சொன்னாள். கல்கரி என்று நீ எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “காத்து எங்கேருந்து வருது? இந்த அடுப்புக்குக் காத்து எங்கேருந்து வருது?” என்று கேட்டாள்.

அந்த ஓட்டை உருளைக்கிழங்குக்கு அல்ல, மெரெட்டே. பாய்லருக்கு. எண்ணெயோ கரியோ, கீழே எரிவதற்கு அந்த வழியாகத்தான் காற்று வந்தாக வேண்டும். காற்று போதாமல் கரி கனன்றால் ஒரு வாயு உண்டாகும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. புகைபோக்கியில் ஏற வலு இல்லாமல் வீட்டுக்குள்ளேயே படி ஏறி வரும். தலைவலி, வாந்தி, கால் மடங்குவது, சிவந்த கன்னம், எல்லாம் அதுதான். உங்களுக்கு ஃப்ளூ இல்லை.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார். “அப்பா” என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கோபமாக இருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா என்று புரியவில்லை. “ஜன்னலைத் திற” என்பதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். “நான் விபெக்கா” என்றேன். வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை தடவை அடித்தும் லைன் கிடைக்கவில்லை.

டாக்டர் வீட்டில் அவர் மனைவி எடுத்தாள். அவர் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாராம். “ஊரெல்லாம் ஃப்ளூதாம்மா. திங்கக்கிழமை போய்ப் பாக்கச் சொல்றேன்” என்றாள். காவல் நிலையத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “உங்கப்பா போனை எடுத்தாரா? எடுத்து வச்சாரா? அப்ப நல்லாத்தான் இருக்கார்” என்றார். குடும்பச் சண்டை என்று நினைத்துவிட்டார். லவ்ரிட்ஸ் மாமாவிடம் தொலைபேசி இல்லை. யாருடைய காராவது கிடைத்தாலும் இன்று ஞாயிறு, சாலையில் ஓட்டினால் முதல் ஊரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் ரயில்.

படகு மெதுவாகப் போகிறது. சுற்றிலும் மூடுபனி. எதிரில் ஒரு கிழவர் முட்டையை உரித்து உப்பில் தொட்டுத் தின்கிறார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறது.

அப்பா கூப்பிட்டால்தான் வருவேன் என்று எழுதினேன் அல்லவா? அந்தக் கடிதத்தை நீ இன்னும் வைத்திருந்தால் எரித்துவிடு. வேண்டாம், எதையும் எரிக்காதே.

எழுந்து ஜன்னலைத் திற. நான் இங்கிருந்து சொல்வது உனக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொண்டே வருகிறேன். எழுந்து ஜன்னலைத் திற.

கரை தெரிகிறது.

*

லவ்ரிட்ஸ் மாமா வீடு, வெஸ்டர்லுண்ட்
27 ஜனவரி

அன்புள்ள அக்கா,

நீ வேலைக்குத் திரும்பிய பிறகு, ரயில் படகில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை நேற்றுதான் பிரித்தேன். அதுவரை தைரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு நினைவிருப்பது பனி மட்டும்தான். வாயிலும் காதிலும் பனி. மற்றதை லவ்ரிட்ஸ் மாமா சொன்னார். தேவாலயத்திலிருந்து திரும்பும்போது நீ ரயிலடிச் சாலையில் தலைவிரி கோலமாக ஓடி வந்தாயாம். “குதிரையை அடிங்க மாமா, அடிங்க” என்று கத்தினாயாம். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாய், சமையலறைக் கதவு பூட்டியிருந்தது, பால் கேனைத் தூக்கி ஜன்னலை உடைத்தாய். என்னையும் அம்மாவையும் போர்வையோடு இழுத்து வந்து முற்றத்தில் போட்டீர்கள். பிறகு நீ வீட்டின் பின்பக்கம் போய்ப் பனியைக் கையால் தோண்டி அந்தக் கோணியைப் பிடுங்கினாய். அது போத்தல் அடைப்பு மாதிரி கழன்று வந்ததாம். உன் விரல் நகங்களில் ரத்தம் இருந்தது என்றார். இதெல்லாம் உண்மையா? நீ எனக்கு எதுவுமே சொல்லவில்லை. கோணி என்ற சொல்லைக்கூட என் முன்னால் நீ உச்சரிக்கவில்லை.

அப்பா நாற்காலியில் இருந்தார் என்பதையும் மாமாதான் சொன்னார். உன் நாற்காலியில். தலை குழாயில் சாய்ந்திருந்ததாம், சூடாக ஏறும் குழாயில், ஆகவேதான் கன்னத்தில் அந்தத் தீக்காயம். நிலவறையில் எரிக்க வேறு எதுவும் மிச்சமில்லை என்றும் சொன்னார். அலமாரி, கூண்டு, கரிப்பெட்டி மூடி, கோடரிப் பிடிகூட எரிந்துவிட்டது. நாற்காலி ஒன்றுதான் மிச்சம்.

வியாழக்கிழமை தபாலில் ஒரு சின்ன உறை வந்தது. மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளிலேயே நம் வீடுதான் மிகக் குறைவாக எரித்ததாம். உள்ளே பச்சை நிறத்தில் வெப்பக் காவலர் பதக்கம். நடந்தது அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அனுப்பிவிட்டிருக்கிறார்கள். மறுநாள் டாம் சார் நேரில் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பையே சுற்றிக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து எல்லார் நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டேன் என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் தானே நடந்து போய் நிலவறையைப் பார்க்கிறாராம். இன்னும் இரண்டு வீடுகளில் ஓட்டை அடைத்திருந்ததாம். பதக்கத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது மாமா வீட்டு ஜன்னலில் கிடக்கிறது.

அம்மா நன்றாக நடக்கிறாள். கோப்பையைப் பிடித்தால் மட்டும் கை நடுங்குகிறது.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். அப்பா பேசிவிட்டார்.

நீ இருந்தபோது கண்ணை மட்டும் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா? நேற்று மருத்துவமனைக்குப் போனோம். என்னைப் பார்த்து, “மெரெட்டே, எண்ணெய் வண்டி வந்துச்சா?” என்றார். வந்தது என்றேன். “தொட்டி நெறச்சானா?” நிரப்பினான் என்று பொய் சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அம்மாவை வெளியே போகச் சொல்லிக் கண் காட்டினார். அம்மா நடைக்குப் போனதும் என்னைக் குனியச் சொல்லிக் காதில் பேசினார்.

“அம்மாவுக்கு அம்பதாவது பொறந்தநாள் வருதுல்ல? பெரிசா செய்யணும். எல்லாரையும் கூப்பிடணும். ஆனா மேசையில நாற்காலி ஒண்ணு குறையுதுடி. நான் எண்ணிப் பாத்தேன். விபெக்கா எங்க உக்காருவா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். அவருக்குப் போன வசந்தம் இன்னும் வரவில்லை, அக்கா.

“இருக்குப்பா. அவ நாற்காலி வீட்டுலதான் இருக்கு” என்றேன்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னைத்தான் நீ என்று நினைத்தாரா, தூக்கத்தில் கூப்பிட்டாரா தெரியவில்லை. ஆனால் கூப்பிட்டார். நான் கேட்டேன்.

டாக்டரிடம் விசாரித்தேன். அந்த வாயு மூளையில் சில இடங்களை இப்படிச் செய்யும், போனது திரும்பி வரலாம், வராமலும் போகலாம், நாளையே வரலாம் என்றார். திரும்பி வந்தால் எல்லாமே வருமா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை.

மாமாவோடு வீட்டுக்குப் போனேன். எல்லா ஜன்னலும் திறந்தே கிடக்கிறது, ரேடியேட்டர்களில் தண்ணீர் உறைந்து இரண்டு வெடித்துவிட்டன. நாற்காலியைப் படியேற்றி மேலே கொண்டுவந்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கரி. எவ்வளவு தேய்த்தும் முதுகுச் சட்டத்தில் ஒரு கை அகலத்துக்குப் போகவில்லை. மேசையின் நாலாவது பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அவர் உன்னைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு மற்றதெல்லாம் நினைவுக்கு வருவதற்குள் வந்துவிடு.

மெரெட்டே